பழைய ஆம்னி வேன்: எந்தப் பழுதை முதலில் பார்ப்பது, எவ்வளவு செலவாகும்

ஈரோட்டில் சமையல் பாத்திரங்களை வாடகைக்கு விடும் தொழில் என்னுடையது. 11 வருடமாக அண்டாவும் அடுப்பும் ஏற்றிப் போவது மாருதி ஆம்னி வேனில்தான். இப்போது இரண்டு வேன் ஓடுகிறது. தெரிந்தவர்கள் பழைய வேன் வாங்கினால் காட்டுவதற்கு என்னிடம் கொண்டுவருவார்கள். அப்படி வருபவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே பெயின்ட் அடித்து, சீட் கவர் போட்டு, பாட்டுப் பெட்டி மாட்டியிருப்பார்கள். பிரேக்கைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

2019-ல் ஆம்னி தயாரிப்பு நின்றுவிட்டது. அதனால் கைக்கு வருவதெல்லாம் பழைய வண்டிதான், ஏதாவது ஒரு வேலை கட்டாயம் இருக்கும். அதை எந்த வரிசையில் செய்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் மொத்தச் செலவு. கீழே சொல்லும் தொகைகள் எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் நான் கொடுத்ததும் பிறர் கொடுக்கப் பார்த்ததும். சென்னையில் கூலி கூடும், சின்ன ஊரில் குறையும்.

1. வாங்கும் முன் கையில் வைத்திருக்க வேண்டியவை

ஒரு பெரிய ஸ்க்ரூடிரைவர், டார்ச், பழைய துணி, தரையில் விரிக்க ஒரு சாக்கு. இது போதும். வண்டியைக் காலையில், இன்ஜின் சூடேறாமல் இருக்கும்போது போய்ப் பாருங்கள். விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், ஸ்டார்ட்டிங் சிக்கலும் காலைப் புகையும் உங்கள் கண்ணில் படாது.

அப்புறம் ஆர்சி, அதாவது பதிவுச் சான்று. சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருடம். அதற்குப் பிறகு எஃப்சி (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) காட்டி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 15 வருடம் தாண்டிய காருக்கும் வேனுக்கும் புதுப்பிக்கும் கட்டணமே 5,000 ரூபாய், 20 வருடம் தாண்டினால் 10,000 ரூபாய். பசுமை வரி தனி. விலை பேசும்போதே இதைக் கழித்துவிடுங்கள். பெட்ரோலோடு கேஸிலும் ஓட்டும் கிட் இருந்தால் அது ஆர்சியில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஏறாத கிட்டோடு எஃப்சிக்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

வாங்கும் விலையில் பாதியைப் பழுது பார்க்கத் தனியாக எடுத்து வையுங்கள். கையில் 80,000 இருந்தால் 80,000 ரூபாய் வண்டியைப் பார்க்காதீர்கள்.

2. முதலில் அடித்தகரம்

ஆம்னியில் லாரிக்கு இருப்பது போலத் தனிச் சேஸிஸ் கிடையாது. பாடியும் தரையும் சேர்ந்துதான் எடையைத் தாங்குகின்றன. தரை துருப்பிடித்தால் வண்டியின் முதுகெலும்பே போன மாதிரி. இன்ஜினைப் புதிதாக்கலாம், இதைப் புதிதாக்குவது கஷ்டம். அதனால்தான் இது முதல் வேலை.

சாக்கை விரித்து அடியில் படுங்கள். பின்பக்கப் பட்டை (பாரத்தைத் தாங்கும் லீஃப் ஸ்பிரிங்) மாட்டியிருக்கும் இடம், முன் சக்கர வளைவின் உட்புறம், படிக்கட்டுக்கு அடியில் நீளமாக ஓடும் பெட்டி, ஓட்டுநர் கால் வைக்கும் தரை. இந்த நான்கையும் ஸ்க்ரூடிரைவரின் பின்பக்கத்தால் தட்டுங்கள். நல்ல தகரம் 'டங்' என்று கேட்கும். துருப்பிடித்தது 'தப்' என்று அடங்கிப் போகும். சந்தேகமான இடத்தில் முனையால் அழுத்துங்கள். மேலே துருவைத் தடுக்க அடிக்கும் கறுப்பு அண்டர்கோட் பளபளவென்று இருக்கும், உள்ளே முனை பிஸ்கட்டில் இறங்குவது போல இறங்கும். புதிதாக அடித்த அண்டர்கோட்டைப் பார்த்தால் இரண்டு மடங்கு சந்தேகப்படுங்கள்.

தரையில் இரண்டு மூன்று பேட்ச் என்றால் வெல்டிங்கோடு 5,000 முதல் 12,000 வரை ஆகும். பட்டை மாட்டும் இடமே உளுத்திருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

இங்கே நடக்கும் பெரிய தவறு, முதலில் பெயின்ட் அடித்துவிட்டு அப்புறம் வெல்டிங்குக்குப் போவது. எனக்குத் தெரிந்த ஒருவர் 28,000 ரூபாய்க்கு முழு வெள்ளை அடித்தார். மூன்றாம் மாதம் படிக்கட்டுப் பெட்டிக்கு வெல்டிங் வைத்தபோது பக்கத் தகரத்தில் ஒரு முழ நீளத்துக்கு பெயின்ட் கொப்பளித்துக் கருகியது.

3. இன்ஜின் சூடு: நிதானமாகப் பார்க்க வேண்டியது

ஆம்னியில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. பானெட் திறந்து தினமும் எட்டிப் பார்க்கும் பழக்கம் இந்த வண்டிக்கு வராது. சீட்டைத் தூக்கினால்தான் இன்ஜின் தெரியும் என்பதால், தண்ணீர் குறைவதை யாரும் கவனிப்பதில்லை. நான் பார்த்த ஹெட் (இன்ஜினின் மேல்பகுதி) வேலைகளில் பெரும்பாலும் 200 ரூபாய் ஹோஸில் ஆரம்பித்தவைதான்.

சூடாகிறது என்றதும் ரேடியேட்டரை மாற்றாதீர்கள். கீழே சொல்லும் வரிசையில் போங்கள். செலவில்லாதது முதலில், செலவு அதிகமானது கடைசியில்.

இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் அளவைப் பாருங்கள். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். குறைந்திருந்தால் நிரப்பி, ஒரு மணி நேரம் ஓட்டி, ஆறவிட்டு மறுபடி பாருங்கள். மறுபடி குறைந்தால் எங்கோ கசிகிறது. ஹோஸ் முனைகளிலும் வாட்டர் பம்புக்கு அடியிலும் வெள்ளையாக உப்புப் பூத்த தடம் இருக்கிறதா என்று தேடுங்கள். ஹோஸை விரலால் அமுக்குங்கள். காய்ந்த ரப்பர் நொறுநொறு என்று சத்தம் போடும், ஊறிப்போனது மாவு போல அமுங்கும். இரண்டையும் மாற்ற வேண்டும். எல்லா ஹோஸும் கிளாம்பும் சேர்த்து 1,200 முதல் 1,800 வரை. ஒன்றை மட்டும் மாற்றினால் அடுத்தது வெடிக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே வயது.

அடுத்தது ரேடியேட்டர் மூடி. உள்ளே இருக்கும் ரப்பர் போனால் அழுத்தம் நிற்காது, தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். 150, 200 ரூபாய் சமாச்சாரம்.

பிறகு ஃபேன். இது கரண்டில் ஓடும் ஃபேன். நின்ற இடத்தில் இன்ஜினை ஓடவிட்டு சூடு காட்டும் முள் பாதிக்கு மேலே ஏறும்வரை காத்திருங்கள். ஃபேன் சத்தம் கேட்க வேண்டும். ஒரு பிளம்பர் தம்பி போன சித்திரையில் வண்டி சூடாகிறது என்று வந்தார். வருவதற்கு முன்பே வேறொரு இடத்தில் ரேடியேட்டர் புதிது 3,200, வாட்டர் பம்ப் 1,300, கூலி 1,500 என்று கொடுத்திருந்தார். சீட்டைத் தூக்கி, இன்ஜினை ஓடவிட்டு இருபது நிமிடம் நின்றோம். முள் ஏறுகிறது, ஃபேன் பக்கம் சத்தமே இல்லை. சூட்டைப் பார்த்து ஃபேனைப் போடும் சுவிட்சுக்குப் போகும் வயர் பச்சை பூத்து அறுந்திருந்தது. வயரும் சுவிட்சும் சேர்த்து 350 ரூபாய்.

ஃபேன் ஓடுகிறது, தண்ணீரும் குறையவில்லை, ஆனாலும் சூடாகிறது என்றால் தெர்மோஸ்டாட், அதாவது சூட்டுக்கு ஏற்பத் தண்ணீர் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு. இங்கே பல மெக்கானிக்குகள் அதைக் கழற்றி எறிந்துவிட்டு 'நம்ம ஊர் வெயிலுக்கு இது வேண்டாம்ணே' என்பார்கள். நான் இதை ஒப்புக்கொள்வதில்லை. அது இல்லாவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வர வெகுநேரம் ஆகும், பெட்ரோல் குடிக்கும், ஆயில் சீக்கிரம் கெடும். புதியது 400, 500 ரூபாய்தான். மாட்டிவிடுங்கள்.

அதற்கப்புறம்தான் ரேடியேட்டர். கழற்றிச் சுத்தம் செய்ய 600 முதல் 1,000, புதியது 2,500 முதல் 4,000. கொங்கு நாட்டில் போர் தண்ணீர் பெரும்பாலும் உப்பு. அதை ஊற்றி ஊற்றி ஓட்டிய வண்டியில் ரேடியேட்டர் குழாய்கள் சுண்ணாம்பு படிந்து அடைத்திருக்கும். சுத்தம் செய்த பிறகு பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் கூலன்டும் கலந்து ஊற்றுங்கள். ஊற்றியதும் மூடியை மூடிவிடாமல், இன்ஜினை ஓடவிட்டு உள்ளே நிற்கும் காற்று குமிழி குமிழியாக வெளியேறும்வரை பொறுங்கள். காற்று நின்றால் எல்லாம் புதிதாக இருந்தாலும் சூடாகும்.

குமிழி நிற்கவே இல்லையா? ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் பால்கோவா மாதிரி படிந்திருக்கிறதா? வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறதா? அப்படியென்றால் ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கு அடியில் இருக்கும் பேக்கிங்) போயிருக்கிறது. ஹெட் இறக்கி, லேத்தில் ஃபேஸிங் செய்து (அடிப்பக்கத்தைச் சமமாக்கி), கேஸ்கெட் செட் போட்டு ஏற்ற 6,000 முதல் 9,000 வரை ஆகும். செலவை மிச்சம்பிடிக்க ஃபேஸிங் இல்லாமல் ஏற்றாதீர்கள். சூட்டில் வளைந்த ஹெட்டில் புது கேஸ்கெட் இரண்டு மாதம்கூடத் தாங்காது.

ஓடும்போது சார்ஜ் விளக்கு எரிந்து, சூடும் ஏறினால் உடனே நிறுத்துங்கள். ஃபேன் பெல்ட் அறுந்திருக்கும். பெயர்தான் ஃபேன் பெல்ட். அது சுற்றுவது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்பையும். ஒரு பெல்ட்டை எப்போதும் வண்டியில் வைத்திருங்கள்.

4. பெட்ரோல் லைன், கேஸ், வயரிங்

இதை பிரேக்குக்கும் முன்னால் வைத்திருக்கிறேன். உங்கள் சீட்டுக்கு அடியில் இருப்பது சூடான இன்ஜின். அதன் பக்கத்தில் வெடித்த பெட்ரோல் ஹோஸ் இருக்கலாம். வண்டிக்குள் பெட்ரோல் வாசம் லேசாக வந்தாலும் அன்றைக்கே பாருங்கள். எல்லா ரப்பர் ஹோஸும் ஃபில்டரும் மாற்ற 500 முதல் 800.

கார்புரேட்டர் வண்டி என்றால் கழற்றிச் சுத்தம் செய்து கிட் போட 1,000 முதல் 1,500. சுத்தம் செய்தும் ஒரு மாதத்தில் மறுபடி அடைத்தால் கோளாறு டேங்கில் இருக்கிறது. நாள்கணக்கில் நின்ற வண்டியின் டேங்கில் துரு உதிர்ந்து கொண்டே இருக்கும். எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதிலாக இன்ஜெக்டரில் பெட்ரோல் தெளிக்கும்) வண்டியில் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் டேங்கில் இருக்கும் பெட்ரோல் பம்ப் போனால் 2,000-க்கு மேல் ஆகும்.

கேஸ் கிட் உள்ள வண்டியில் டேங்கின் மேல் தட்டில் அடித்திருக்கும் சோதனைத் தேதியைப் பாருங்கள். எல்பிஜி டேங்கை 5 வருடத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். வீட்டு சிலிண்டரிலிருந்து கேஸ் ஏற்றிய வண்டியை வாங்கவே வாங்காதீர்கள், நீங்களும் ஏற்றாதீர்கள். அது சட்டப்படி குற்றம். அப்படி ஏற்றும்போது வேன் எரிந்து ஆட்கள் கருகிய செய்தியைத் தமிழ்நாட்டில் எத்தனை முறை படித்துவிட்டோம்.

வயரிங்கில் ஒன்று மட்டும் சொல்கிறேன். ஃபியூஸ் பெட்டியில் ஃபியூஸுக்குப் பதிலாகக் கம்பி சுற்றியிருந்தால் அதை எடுத்துவிட்டுச் சரியான ஃபியூஸ் போடுங்கள். மறுபடி போகிறது என்றால், எந்த வயர் எங்கே உரசுகிறது என்று எலக்ட்ரீஷியனை வைத்துத் தேடிப் பிடியுங்கள்.

5. பிரேக்

ஆம்னியில் முன்பக்கம் என்று ஒன்றும் இல்லை. உங்கள் முழங்காலுக்கு எதிரே கொஞ்சம் தகரம், அவ்வளவுதான். முன்னால் போகும் வண்டியில் இடிக்காமல் நிற்பது ஒன்றே உங்களுக்குப் பாதுகாப்பு. அதனால் பிரேக்கில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

பெடலை மிதித்து அப்படியே ஒரு நிமிடம் பிடியுங்கள். மெதுவாக உள்ளே இறங்கினால் எங்கோ கசிகிறது. பின் சக்கரத்தின் உட்புறம் ஈரமாக இருந்தால் வீல் சிலிண்டர் போயிருக்கிறது. ஒரு பக்கம் போனாலும் இரண்டு பக்கமும் மாற்றுங்கள். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் மழையில் அவசர பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஆயில் நனைந்த ஷூவைத் துடைத்துப் போடுவதும் தவறு. வீல் சிலிண்டர் இரண்டு, ஷூ ஒரு செட், புது பிரேக் ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 2,500 முதல் 3,500.

6. டைமிங் பெல்ட், ஆயில், புகை

முந்தையவர் எப்போது டைமிங் பெல்ட் மாற்றினார் என்பதற்கு பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அது அறுந்தால் அதே இடத்தில் இன்ஜின் நின்றுவிடும். பெல்ட், டென்ஷனர், முன் ஆயில் சீல் மூன்றையும் ஒரே நேரத்தில் போடுங்கள். கழற்றும் கூலி ஒன்றுதானே. 2,200 முதல் 3,000 ஆகும்.

இன்ஜின் ஆயில் சுமார் 3 லிட்டர். கசிவு என்றதும் 'இன்ஜின் வேலை இருக்கு' என்பவர்களை உடனே நம்பாதீர்கள். பல வண்டிகளில் அது டேப்பட் கவர் பேக்கிங்காகவோ, டிஸ்ட்ரிப்யூட்டர் அடியில் இருக்கும் ரப்பர் வளையமாகவோ இருக்கும். மேலே கசிந்து கீழே வழிவதால் கீழ் சீல் போன மாதிரி தெரியும். இன்ஜினைக் கழுவித் துடைத்து, 20 கிலோமீட்டர் ஓட்டி, எங்கே முதலில் ஈரமாகிறது என்று பாருங்கள்.

காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் நீலப் புகை வந்தால் வால்வு சீல், 2,500 முதல் 4,000. ஆக்ஸிலேட்டர் மிதிக்கும்போதெல்லாம் நீலப் புகை வந்து ஆயிலும் குறைந்தால் பிஸ்டன் ரிங்ஸ், சிலிண்டர் போர் வேலை. முழு இன்ஜின் வேலைக்கு 25,000 முதல் 40,000. விலையை அந்த அளவுக்குக் குறைக்காவிட்டால் அந்த வண்டி வேண்டாம்.

7. கிளட்ச், கியர்

மேட்டில் இன்ஜின் சத்தம் ஏறி வண்டி ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கிறது. பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் செட்டாகப் போட கூலியோடு 4,500 முதல் 6,000. பேரிங்கில் 500 மிச்சம்பிடித்தால் ஆறு மாதத்தில் மறுபடி கியர் பாக்ஸ் இறக்க வேண்டியிருக்கும்.

கியர் சரியாக விழவில்லை என்றால் பாக்ஸைத் திறக்க விடாதீர்கள். கியர் கம்பியிலிருந்து பாக்ஸ் வரை போகும் இணைப்புகளில் உள்ள புஷ்கள் தேய்ந்திருந்தாலும் இதே தொல்லைதான். முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். நூறு ரூபாய்க் கணக்கில் முடியும்.

8. பின்பக்கமும் டயரும்

கிளட்ச் விட்டு வண்டி நகரும்போது அடியில் 'டக்' என்றால் கிராஸ் (பின் சக்கரத்துக்குச் சுழற்சி கொண்டுபோகும் தண்டின் மூட்டு) தேய்ந்திருக்கிறது. ஒன்று 400 முதல் 700. 'ஙொய்' என்ற சத்தம் வேகத்தோடு ஏறி இறங்கினால் கிரவுன் (பின் அச்சுக்குள் இருக்கும் பல்சக்கரம்) அல்லது பின் சக்கர பேரிங். கிரவுனுக்குப் புதியது தேடாமல் அது உள்ளே இருக்கும் நல்ல பழைய ஹவுசிங்கையே வாங்கிப் போடுவது லாபம். சென்னைப் புதுப்பேட்டை போன்ற இடங்களில் கிடைக்கும்.

பாரம் ஏற்றும் வண்டியில் பட்டை தொய்ந்திருக்கும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பின்னால் இருபது அடி தள்ளி நின்று பாருங்கள், சாய்ந்திருப்பது தெரியும். சிலர் கூடுதலாக இரண்டு பட்டை சேர்ப்பார்கள். பாரம் ஏற்றும்போது நன்றாக இருக்கும், காலியாகப் போகும்போது குதித்துக் குதித்து அடித்தகரத்தைக் கிழித்துவிடும். உடைந்ததை மட்டும் மாற்றி, புஷ் போட்டாலே போதும்.

டயர் 12 அங்குலம், ஒன்று 3,000 ரூபாய் பக்கம். பட்டன் (தரையைத் தொடும் பக்கத்தின் வரிகள்) நன்றாக இருந்தாலும் பக்கச் சுவரில் வெடிப்பு இருந்தால் வயதாகிவிட்டது என்று அர்த்தம்.

9. சாமான் வாங்கும்போது

ஆம்னி இன்ஜின் 796 சிசி, மூன்று சிலிண்டர். மாருதி 800-ன் இன்ஜினோடு உறவு என்பதால் சாமான் எல்லா ஊரிலும் கிடைக்கிறது. ஆனால் 800-ல் முன் சக்கரம் இழுக்கும், ஆம்னியில் பின் சக்கரம் தள்ளும். அதனால் எல்லாச் சாமானும் ஒத்துப்போகாது. கார்புரேட்டர் வண்டிக்கும் எம்பிஎஃப்ஐ வண்டிக்கும்கூட வித்தியாசம் உண்டு. கழற்றிய பழைய சாமானை கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள், சேஸிஸ் நம்பரை போனில் படம் எடுத்து வைத்திருங்கள்.

பழைய சாமானில் கதவு, கண்ணாடி, ஹவுசிங் வாங்கலாம். பிரேக், ஹோஸ், பெல்ட் மட்டும் பழையது வேண்டவே வேண்டாம்.

10. கதவு, கடைசியாக பெயின்ட்

பக்கக் கதவு தூக்கித் தூக்கி மூட வேண்டியிருந்தால் கீழ் ரோலர் தேய்ந்திருக்கிறது. ரோலர் செட் கூலியோடு 1,000 பக்கம். மாட்டும் முன் ரெயிலில் இருக்கும் மண்ணை டூத்பிரஷ் வைத்துத் தேய்த்து எடுங்கள். மண்ணின் மேலேயே கிரீஸ் தடவினால் அது அரம் மாதிரி புது ரோலரையும் தின்றுவிடும்.

கடைசியாக நான் கூட இருந்து முடித்த ஒரு வண்டியின் கணக்கு இது. அடித்தகரம் 9,500, சூடு சம்பந்தப்பட்டது 3,950, பெட்ரோல் லைனும் கார்புரேட்டரும் 1,850, டைமிங் பெல்ட் 2,600, பிரேக் 2,900, கிளட்ச் 5,200, கிராஸ் இரண்டும் பட்டை புஷ்ஷும் 2,700, டயர் நான்கு 12,400, கதவு 1,100. மொத்தம் 42,200 ரூபாய். ஒரே நாளில் செய்யவில்லை. முதல் மாதம் தகரம், சூடு, பெட்ரோல், பிரேக். அடுத்த மாதம் டைமிங் பெல்ட்டும் டயரும். கிளட்ச்சிலிருந்து மீதியெல்லாம் வண்டி சம்பாதித்த காசில்.

இவையெல்லாம் முடிந்து 500 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு ஒருமுறை சீட்டைத் தூக்கி எல்லா கிளாம்பையும் அரைச் சுற்று இறுக்கிப் பாருங்கள், சக்கர நட்டுகளையும் பாருங்கள். அடுத்த மழைக்காலம் ஒன்றை ஓட்டிக் கடந்து, தரையில் எங்கும் தண்ணீர் வரவில்லை என்று தெரிந்த பிறகு பெயின்ட் கடைக்கு விடுங்கள்.